அப்பாவோடு அண்டார்டிகா: பெங்குவினும் திமிங்கிலமும் பார்க்க மதுரையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

அப்பாவுக்கு 71 வயது. மேலூர் பக்கம் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தொழுவத்துக்குள் நுழைந்ததும் ஊசியை எடுக்க மாட்டார். பத்து நிமிடம் சும்மா நின்று மாட்டைப் பார்ப்பார். எந்தக் காலில் பாரம் போடுகிறது, அசை போடுகிறதா, காது எப்படித் தொங்குகிறது என்று பார்த்த பிறகுதான் கிட்டே போவார். அவரை ஒரு ஜனவரிக் கடைசியில் அண்டார்டிகத் தீபகற்பத்துக்குக் கப்பலில் கூட்டிப் போனேன். வயதானவரோடு போனால் பாதிதான் பார்க்க முடியும் என்று பலர் சொன்னார்கள். நடந்தது நேர்மாறு. முழங்கால் வலியால் அவர் ஓரிடத்தில் நின்றார், நானும் நின்றேன். மேட்டின் உச்சி வரை போய்ப் படம் எடுத்து வந்தவர்களைவிட நாங்கள் அதிகம் பார்த்தோம். இந்த வழிகாட்டியை அந்த நிற்றலை வைத்துத்தான் எழுதுகிறேன்.

எந்தத் துருவம், எந்த மாதம்

பெங்குவின் தெற்கில், பனிக்கரடி வடக்கில். இதை முதலிலேயே பெற்றோரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். வடக்கே நார்வேயின் ஸ்வால்பார்டுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போகலாம். 2025 ஜனவரி முதல் அங்கே பனிக்கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர். அதனால் கரடி பெரும்பாலும் கப்பலின் மேல்தளத்திலிருந்து பைனாகுலரில் பார்க்கும் காட்சிதான். அதிகம் நடக்க முடியாதவருக்கு அது ஒரு வசதி. தெற்கில் பெங்குவின் உங்கள் பக்கத்திலேயே நடக்கும். ஆனால் கப்பலிலிருந்து கரைக்குப் போக ரப்பர் படகில் ஏறி இறங்கியாக வேண்டும்.

தெற்குக்குக் காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. நவம்பரில் பனி மிதிபடாமல் இருக்கும், பெங்குவின்கள் ஜோடி சேர்ந்து கூடு கட்டும். டிசம்பர் கடைசியிலிருந்து குஞ்சு பொரிக்கும். பிப்ரவரி, மார்ச்சில் திமிங்கிலம் அதிகம், ஆனால் பெங்குவின் குடியிருப்புகள் சேறும் எச்சமுமாகக் கிடக்கும். நான் ஜனவரிக் கடைசியைச் சொல்வேன். குஞ்சுகள் வளர்ந்து கூட்டை விட்டு ஓடத் தொடங்கியிருக்கும், திமிங்கிலமும் வந்திருக்கும், இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அப்போது குளிர் பூஜ்யத்தை ஒட்டி, கொஞ்சம் மேலே கீழேதான் போகும். ஆனால் காற்று அடித்தால் கதையே வேறு.

அப்பா முதலில் கேட்டது, "நம்ம நாட்டு ஆராய்ச்சி நிலையத்தைப் பார்க்கலாமாடா?" என்றுதான். மைத்ரியும் (1989) பாரதியும் (2012) கிழக்கு அண்டார்டிகாவில் இருக்கின்றன. சுற்றுலாக் கப்பல்கள் போகும் தீபகற்பத்திலிருந்து அவை வெகுதூரம். இந்த ஆசையோடு கிளம்புகிற பெரியவர்களிடம் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள்.

கப்பலைத் தேர்ந்தெடுப்பது

விலங்கு பார்க்க வேண்டுமென்றால் சிறிய கப்பல்தான். ஒரு நேரத்தில் ஓரிடத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது. 500 பேருக்கு மேல் ஏற்றும் கப்பல் யாரையும் கரையிறக்கவே கூடாது. 1991-இல் தொடங்கிய அண்டார்டிகச் சுற்றுலா நிறுவனங்களின் சங்கம் வகுத்து நடத்தும் நடைமுறை இது. 100 பேர் கப்பலில் எல்லோரும் ஒன்றாக இறங்கலாம். 200 பேர் என்றால் பாதிப் பேர் கரையில் நிற்க, மீதிப் பேர் படகில் சுற்றுவார்கள், பிறகு மாற்றிக்கொள்வார்கள். பெரிய விளம்பரத்தில் விலை குறைவாகத் தெரிந்தால், கரையிறங்கல் உண்டா என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

பெற்றோரோடு போகும்போது இன்னும் மூன்று விஷயம் கேட்க வேண்டும். லிஃப்ட் உண்டா? படகில் ஏறும் இடத்துக்கு எத்தனை படி இறங்க வேண்டும்? மேல்தளத்தில் கண்ணாடிச் சுவருக்குள் உட்கார்ந்து கடலைப் பார்க்கும் கூடம் உண்டா? அறையைக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் எடுங்கள். அங்கேதான் ஆட்டம் குறைவு. பால்கனி அறைக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண் என்பது என் கருத்து. விலங்கு வந்தால் எப்படியும் மேல்தளத்துக்குத்தான் ஓடப் போகிறீர்கள்.

கடல் ஆட்டமே ஆகாது என்பவர்களுக்கு, சிலியின் புந்தா அரினாஸிலிருந்து தீபகற்பத்தை ஒட்டியுள்ள கிங் ஜார்ஜ் தீவுக்கு விமானத்தில் பறந்து அங்கே கப்பல் ஏறும் பயணங்களும் உண்டு. இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். செலவு அதிகம், வானிலை சரியில்லாவிட்டால் காத்திருக்கவும் வேண்டும்.

உடம்பும் காகிதமும்

மதுரையிலிருந்து சென்னை அல்லது மும்பை, அங்கிருந்து அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ், அப்புறம் உள்நாட்டு விமானத்தில் மூன்றரை மணி நேரம் பறந்தால் கப்பல் ஏறும் ஊரான உஷுவாயா. புவெனஸ் அயர்ஸில் வெளிநாட்டு விமானம் இறங்கும் எசெய்சா ஒரு மூலை, உள்நாட்டு விமானங்கள் அதிகம் கிளம்பும் ஏரோபார்க் இன்னொரு மூலை. பெரியவரோடு அன்றே மாறிப் பறக்க நினைக்காதீர்கள், ஒரு இரவு தங்குங்கள். கப்பல் கிளம்பும் நாளுக்கு முந்தைய நாளாவது உஷுவாயாவில் இருக்க வேண்டும். எங்கள் பெட்டி ஒன்று ஒரு நாள் தாமதமாக வந்தது. மாத்திரைகள் கைப்பையில் இருந்ததால் தப்பித்தோம்.

அண்டார்டிகாவுக்குத் தனி விசா கிடையாது. அர்ஜென்டினாவுக்கு உரிய அனுமதியை டெல்லித் தூதரகம் அல்லது மும்பைத் துணைத் தூதரகம் வழியாக முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி விஷயத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். அந்தக் காய்ச்சல் உள்ள நாடுகள் என்று இந்தியா வைத்திருக்கும் பட்டியலில் ஆப்பிரிக்க, தென் அமெரிக்க நாடுகள் பல இருக்கின்றன. பிரேசில், எத்தியோப்பியா வழியாக விமானம் மாறினாலும் கணக்கில் வரலாம். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதன் பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஆனால் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசியில் பக்க விளைவு ஆபத்து கூடுதல். அதனால் முதலில் குடும்ப மருத்துவரிடம் பேசுங்கள், பிறகு எந்த நாடு வழியாகப் பறப்பது என்று முடிவு செய்யுங்கள். நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்து, டிக்கெட்டை மாற்றப் பணம் கட்டினோம்.

கப்பலில் ஒரு மருத்துவர் இருப்பார். பெரிய மருத்துவமனை பல நூறு கிலோமீட்டர் தாண்டித்தான். அதனால் அவசர மருத்துவ மீட்புக்கான காப்பீட்டைப் பெரும்பாலான கப்பல்கள் கட்டாயமாகக் கேட்கும். படிவத்தில் சர்க்கரை, இரத்த அழுத்தம், பழைய அறுவை சிகிச்சை எதையும் மறைக்க வேண்டாம்.

பலர் யோசிக்காத ஒன்றைச் சொல்கிறேன். கரையில் கழிப்பறை கிடையாது, தண்ணீர் தவிர எதுவும் சாப்பிடவும் கூடாது. ஒரு கரையிறங்கல் இரண்டு மணி நேரம் வரை போகும். அப்பா காலையில் எடுக்கும் இரத்த அழுத்த மாத்திரை சிறுநீரைக் கூட்டும் வகை. அதை எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று மதுரையிலேயே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கினோம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால் கிளம்பும் முன் சாப்பிட்டுவிட வேண்டும். அவசரத்துக்குக் குளுக்கோஸ் வைத்துக்கொள்ளப் பயணக் குழுத் தலைவரிடம் முதல் நாளே பேசி அனுமதி வாங்குங்கள்.

மதுரையிலேயே பயிற்சி

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். கப்பலில் ஏறிய பிறகு கற்றுக்கொள்ள நேரம் இல்லை.

முதலில் கண். எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் போதும். பத்து, பன்னிரண்டு மடங்கு என்றால் ஆடும் கப்பலில், நடுங்கும் கையில் படம் நிற்காது. ஆளுக்கு ஒன்று வாங்குங்கள், பகிர்ந்துகொள்ளும் யோசனையே வேண்டாம். மூக்குக் கண்ணாடி போடுபவர் என்றால் கண்வைக்கும் ரப்பர் வளையத்தை உள்ளே திருகிவிட வேண்டும். இது தெரியாமல் அப்பா ஒரு வாரம் "ஒண்ணும் தெரியலையே தம்பி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சாமநத்தம் கண்மாய்க் கரையில் விடியற்காலை ஆறு மணிக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். நீர்க்காகம் முங்கும் இடத்தைப் பார்த்து, அது எங்கே எழும் என்று சொல்வதுதான் பயிற்சி. திமிங்கிலத்துக்கும் இதேதான் வேலை.

பிறகு படகு. தேக்கடி ஏரியில் படகுச் சவாரிக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். கப்பலில் விலங்கு இருக்கும் திசையைக் கடிகார முள்ளை வைத்துத்தான் சொல்வார்கள். கப்பலின் முகப்பு பன்னிரண்டு மணி, வலப்பக்கம் மூன்று மணி, பின்பக்கம் ஆறு மணி. "ரெண்டு மணில பாம்புத்தாரா, பட்ட மரத்து மேல" என்று நான் சொல்ல, அப்பா அங்கே பைனாகுலரைத் திருப்புவார். காது கொஞ்சம் மந்தமாக இருப்பவருக்கு விரலால் மணியைக் காட்டுங்கள். அந்த விரல் கணக்கு, தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவிலுள்ள ட்ரேக் கடலின் காற்றிரைச்சலில் எங்களுக்குப் பெரிய உதவி.

அடுத்து முழங்கால். ரப்பர் படகின் ஓரக் குழாயில் பக்கவாட்டில் உட்கார்ந்துதான் போக வேண்டும். கரை வந்ததும் உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் தூக்கி வெளிப்பக்கம் போட்டு, கெண்டைக்கால் ஆழத் தண்ணீரில் இறங்க வேண்டும். ஊரில் எங்கள் பழைய வீட்டுத் திண்ணை இதற்குச் சரியான உயரம். தினம் இருபது முறை காலைச் சுழற்றி இறங்கினார் அப்பா. ஏறி இறங்கும்போது கையைக் கையால் பிடிக்கக் கூடாது. ஒருவர் முன்கையை இன்னொருவர் முன்கையால் பிடிக்க வேண்டும், அப்போதுதான் ஈரத்தில் நழுவாது. இதையும் திண்ணையிலேயே பழகிக்கொள்ளலாம். படிக்கு, கீழக்குயில்குடி சமணர் மலை. மேலே ஏறுவதைவிட இறங்குவதைப் பாருங்கள், முழங்கால் பேசுவது இறக்கத்தில்தான்.

உடைக்குக் கொடைக்கானலில் ஒரு ஜனவரி விடியல் போதும். உடம்போடு ஒட்டும் தெர்மல், மேலே கம்பளி, அதற்கு மேல் நீரும் காற்றும் புகாத மேல்சட்டையும் கால்சட்டையும். பல கப்பல்கள் மேல்சட்டையைத் தந்துவிடும், கம்பூட்ஸ் இரவல் கிடைக்கும். பருத்தி பனியனை உள்ளே போடாதீர்கள், வியர்வையில் நனைந்தால் காயாது. குரங்குக் குல்லா தாராளமாக எடுத்துப் போகலாம், காதையும் கழுத்தையும் அதைப் போல மூடுவது வேறொன்றும் இல்லை. கையுறை மெல்லியது ஒன்று, அதன் மேல் தடித்தது ஒன்று. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பனியில் நிற்கவே முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக 2022-இல் அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டிக்கு நடைப் பயிற்சிக்குப் போயிருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் கால்சட்டை முழுக்க ஒட்டுப்புல், நாயுருவி விதை. அண்டார்டிகாவில் ஒரு விதைகூட இறங்கக் கூடாது. கப்பலில் எல்லோருடைய பையையும் வெளியுடையையும் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி, வெல்க்ரோ பட்டையில் சிக்கியதை இடுக்கியால் எடுப்பார்கள். பயிற்சிக்கு ஒரு செட், பயணத்துக்கு ஒரு செட் என்று வைத்துக்கொள்வது நல்லது.

ட்ரேக் கடலில் இரண்டு நாள்

உஷுவாயாவை ஒட்டிய பீகிள் கால்வாயைத் தாண்டினால் சுமார் 1,000 கி.மீ. திறந்த கடல். வாந்தி மாத்திரையைக் கால்வாயில் இருக்கும்போதே போட்டுவிட வேண்டும், குமட்டல் வந்த பிறகு போட்டால் வேலை செய்யாது. காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபாலமின் பட்டை பலருக்குக் கைகொடுக்கும். ஆனால் வயதானவர்களுக்கு மனக்குழப்பம், சிறுநீர் அடைப்பு வரலாம், சில வகைக் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது. எதை எடுத்தாலும் மருத்துவரைக் கேட்டு, வீட்டில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இஞ்சி மரப்பா ஒரு பொட்டலம் கையில் இருக்கட்டும்.

பெரியவர்கள் கப்பலில் அடிபடுவது பெரும்பாலும் கதவில்தான். கதவு நிலையில் கை வைக்கக் கூடாது, ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்க வேண்டும்.

இந்த இரண்டு நாளைப் படுத்தே கழித்தால் அல்பட்ராஸ் என்ற கடற்பறவையைத் தவறவிடுவீர்கள். அலையும் அல்பட்ராஸின் சிறகு விரிப்பு 3.5 மீட்டர் வரை போகும், உலகில் வேறு எந்தப் பறவைக்கும் அவ்வளவு கிடையாது. கப்பலின் பின்பக்கத் தளத்தில் காற்று படாத மூலையாகப் பார்த்து நில்லுங்கள். காற்றை எதிர்த்து மேலே ஏறும், திரும்பிச் சரிந்து அலைமட்டத்துக்கு வரும், மறுபடி ஏறும். அலைமட்டத்தில் காற்று மெதுவாகவும் மேலே வேகமாகவும் இருப்பதை வைத்தே பறக்கிறது. அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எட்டு நிமிசம் ஆச்சு, ஒருக்காகூட இறக்கை அடிக்கலை" என்றார். பக்கத்தில் பறக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட சின்னப் பறவை கேப் பெட்ரெல்.

கரையில்: நில்லுங்கள், உட்காராதீர்கள்

இறங்கும் முன்னும் ஏறிய பின்னும் பூட்ஸைக் கிருமிநாசினியில் கழுவ வேண்டும். பறவைக் காய்ச்சல் 2023-இல் தென் ஜார்ஜியா தீவையும் 2024-இல் அண்டார்டிகாவையும் எட்டியதிலிருந்து, கரையில் உட்காரவோ மண்டியிடவோ பையைத் தரையில் வைக்கவோ விடுவதில்லை. முழங்கால் வலிக்காரருக்கு இது கஷ்டம்தான். ஊன்றுகோல் கொண்டு போங்கள். முதல் படகில் இறங்காமல் நடுவில் இறங்கி நிற்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டியிடம் "இங்கேயே நிற்கிறோம்" என்று சொல்லிவிடுங்கள். கடற்கரையிலிருந்து இருபது அடிக்குள்ளேயே வேண்டிய அளவு நடக்கும்.

பெங்குவினிடமிருந்து 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். இரண்டு ஆட்டோ ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தானாக நம்மிடம் வந்தால் அசையாமல் நிற்கலாம். பனியில் அவை நடந்து நடந்து பள்ளமாகிப் போன ஒற்றையடிப் பாதைகள் இருக்கும். அதைக் குறுக்கே மறிக்கக் கூடாது, வழி அவற்றுக்குத்தான். கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் வேட்டங்குடி சரணாலயப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருப்பதை அப்பா சின்ன வயதிலிருந்தே பார்த்தவர். அவருக்கு இந்த விதிகளை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தீபகற்பத்தில் மூன்று வகை பெங்குவின் பார்க்கலாம். கண்ணுக்கு மேல் வெள்ளைப் பட்டையும் ஆரஞ்சு அலகும் இருந்தால் ஜென்டூ. தாடைக்குக் கீழே குல்லா நாடா கட்டியதுபோல் கறுப்புக் கோடு இருந்தால் சின்ஸ்ட்ராப். கறுப்புத் தலையில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் மட்டும் என்றால் அடேலி. ஜென்டூவுக்குக் கூவர்வில் தீவும் நெக்கோ துறைமுகமும், சின்ஸ்ட்ராப்புக்கு ஹாஃப் மூன் தீவும் நல்ல இடங்கள். எங்கே இறங்குவது என்பதைப் பனியும் காற்றும் பார்த்து அன்றன்று காலையில்தான் முடிவு செய்வார்கள். பேரரசப் பெங்குவினை இந்தப் பயணத்தில் எதிர்பார்க்காதீர்கள்.

இனி பார்க்கும் முறை. முதல் பத்து நிமிடம் கேமரா வெளியே வரக் கூடாது. ஒரே ஒரு கூட்டைத் தேர்ந்தெடுத்து அதையே பாருங்கள். கூடு என்பது கூழாங்கல் குவியல்தான். கல்லுக்கு அங்கே தட்டுப்பாடு என்பதால் திருட்டு சகஜம். ஒன்று அலகில் கல்லோடு வந்து வைத்துவிட்டுத் திரும்பும், பக்கத்து வீட்டுக்காரர் அதை எடுத்துக்கொண்டு போவார். குஞ்சுகள் பெரிதான பிறகு இன்னொரு காட்சி உண்டு. கடலிலிருந்து தாய் வந்ததும் இரண்டு குஞ்சும் துரத்த, அது ஓட, மேடு பள்ளமெல்லாம் ஓட்டம். பெரும்பாலும் விடாமல் துரத்துவதற்கே இரை கிடைக்கும். தரையெல்லாம் இளஞ்சிவப்பு எச்சம். அவை தின்பது கிரில், நம் ஊர்க் கூனி இறாலைப் போன்றது. வாடையும் கருவாட்டுக் கடை வாடைதான்.

ஒரு பெங்குவின் சிலிர்த்துப்போய், இறகு பாதி உதிர்ந்து, தனியாக நின்றது. சீக்கு வந்தது என்று எல்லோரும் பாவப்பட்டார்கள். "சீக்கு இல்லை, கோழி மாதிரி இறகு மாத்துது. கண்ணைப் பாரு, தெளிவா இருக்கு" என்றார் அப்பா. வழிகாட்டி ஆமாம் என்றார். இறகு முழுக்க முளைக்கும் வரை, இரண்டு மூன்று வாரம், அது தண்ணீரில் இறங்க முடியாது, சாப்பாடும் கிடையாது. அந்த நேரத்தில் நாம் கிட்டே போய் அதை நான்கு அடி நகர வைத்தாலும், சேமித்த கொழுப்பைக் கரைக்கிறோம் என்று அர்த்தம். பறவை செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தித் தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால், சிறகை விரித்தால், நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள். மெதுவாகப் பின்வாங்குங்கள். முட்டையோ சிறு குஞ்சோ உள்ள தாய் எழுந்து நின்றால் ஸ்குவா என்ற கடற்பறவை அந்த நொடிக்காகத்தான் காத்திருக்கும்.

பாரடைஸ் விரிகுடாவின் பாறையில் நீலக் கண் நீர்க்காகங்கள் கூடு கட்டியிருந்தன. அப்பா பைனாகுலரைக் கீழே வைக்கவே இல்லை. "சாமநத்தத்துல பாத்தவனோட பெரியப்பா மகன்டா இவன்" என்றார்.

படகில்: சீலும் திமிங்கிலமும்

முழங்கால் ஒத்துழைக்காத நாளில் கரையிறங்கலை விட்டுவிட்டுப் படகுச் சுற்றைக் கேளுங்கள். சுமார் பத்துப் பேர் உட்காரும் ரப்பர் படகு. பெற்றோரை ஓட்டுநருக்குப் பக்கத்தில், பின்பக்கமாக உட்கார வையுங்கள். தூக்கிப்போடுவதும் தண்ணீர் தெறிப்பதும் அங்கே குறைவு.

மிதக்கும் பனிக்கட்டி மேல் படுத்திருப்பவற்றில், சின்னத் தலையும் பூனை முகமும் இருந்தால் வெட்டல் சீல். பல்லியைப் போல நீண்ட தலை, அகன்ற வாய் என்றால் சிறுத்தை சீல். நண்டுதின்னி சீல் பெயருக்குத்தான் நண்டு, தின்பது கிரில். கரையில் காது மடலோடு முன்துடுப்பை ஊன்றி எழுந்து நிற்பது ஃபர் சீல். அதனிடம் 15 மீட்டர் தள்ளி நில்லுங்கள். சில சமயம் பாய்ந்து வரும். அப்போது ஓடக் கூடாது, ஊன்றுகோலை முன்னால் நீட்டி அப்படியே நிற்க வேண்டும்.

கூன்முதுகுத் திமிங்கிலம் வந்தால் ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பார் அல்லது என்ஜினை நிறுத்துவார். யாரும் எழுந்து நிற்கக் கூடாது. முதலில் மூச்சு, புதர்போல் பரந்த ஆவி. மூன்று நான்கு மூச்சுக்குப் பிறகு முதுகு வில்லாக வளைந்து வால் முழுதாக மேலே வந்தால், ஆழமாக முங்கப் போகிறது. கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து முதல் பத்து நிமிடத்தில் மறுபடி எழும். நீர்க்காகப் பயிற்சி இப்போதுதான் பலன் தரும்.

வால் தூக்கும்போது அடிப்பக்கத்தைப் படம் எடுங்கள். அங்குள்ள கறுப்பு வெள்ளைக் கோலம் ஒவ்வொன்றுக்கும் தனி, நம் கைரேகை மாதிரி. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், அதனால் உபரி பேட்டரியை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். நேரத்தையும் இடத்தையும் அன்றிரவே எழுதி வையுங்கள். அப்பா பழைய டைரியில், மாட்டுக் கணக்கு எழுதுவதுபோல் தேதி போட்டு எழுதினார்.

வீடு திரும்பியதும் அந்தப் படத்தை ஹேப்பிவேல் என்ற இணையதளத்தில் ஏற்றலாம். ஏற்கெனவே யாராவது எடுத்த படத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். எங்கள் படத்துக்குச் சில வாரம் கழித்துப் பதில் வந்தது. அதே வாலை முன்பு ஈக்வடார் கடலில் ஒருவர் படம் எடுத்திருக்கிறார். குட்டி போட வெப்பமான கடலுக்குப் போகிற கூட்டம், ஒரு வழிக்கே பல ஆயிரம் கி.மீ. அப்பா பேத்தியின் பள்ளி அட்லஸை வாங்கி, ஒரு நூலை எடுத்து, தீபகற்பத்திலிருந்து ஈக்வடார் வரை கரையை ஒட்டி வளைத்து வைத்தார். பிறகு அந்த நூலை அப்படியே மதுரையில் ஒரு முனை வைத்து நீட்டிப் பார்த்தார்.